பன்றி தொடாத சோளம்

பயிற்சி மையத்துக்கு வருகிற பிள்ளைகள் அவளை ‘நடப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டித் தேர்வுக்கு வேண்டிய நடப்பு நிகழ்வுகளை மாதாமாதம் புத்தகமாகத் தொகுத்துக் கொடுப்பது அவள் வேலை. வனவிலங்கு, வேளாண்மை, வளர்ச்சித் திட்டங்கள் மூன்றும் அவள் பொறுப்பு. விளையாட்டையும் விருதுகளையும் வேறொருவர் பார்த்துக்கொண்டார். அவர் மேல் அவளுக்கு உள்ளூர ஒரு பொருமல் உண்டு. கோப்பை வாங்கியவன் பெயரை எழுதிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. இவளோ எங்கோ ஒரு புதுப் பல்லியைக் கண்டுபிடித்தார்கள் என்றால் அதன் வால் நிறம் வரைக்கும் தேடிப் பிடிக்க வேண்டும்.

மையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவள் மேசை ஜன்னலை ஒட்டி. முதுகுக்குப் பின்னால் பழைய வினாத்தாள் கட்டுகள் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு. மேலே மின்விசிறி பேய்த்தனமாகச் சுற்றும். காகிதம் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளர், டிபன் டப்பா, யாருடையது என்றே தெரியாத ஒரு பூட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து மேலே வைத்திருப்பாள்.

அவளும் ஒரு காலத்தில் தேர்வு எழுதியவள்தான். அண்ணன் காட்டோரத்து நிலத்தில் மக்காச்சோளம் போட்டு, அதை விற்று, அவளை நகரத்தில் அறை எடுத்துத் தங்கவைத்துப் படிக்க வைத்தான். அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மயிரிழையில் போய்விடும். தேர்வு எழுதிவிட்டு வந்து அண்ணனுக்குப் போன் போட்டு, சரியாக எழுதவில்லை என்று அழுவாள். முடிவு வருகிறபோது பார்த்தால் நன்றாகத்தான் எழுதியிருப்பாள், ஆனால் போதுமான அளவுக்கு நன்றாக இல்லை. வயது வரம்பு தாண்டிய வருடம், மையத்தை நடத்துகிற சார் அவளைக் கூப்பிட்டு, இவ்வளவு படித்ததை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி இந்த மேசையைக் கொடுத்தார். வேலை கொடுத்த புண்ணியவான் என்று அண்ணன் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவான்.

பல வருடம் இதே வேலையில் ஊறியதில் அவளுக்கு உலகமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. தேர்வில் கேட்பது ஒன்று, கேட்காதது ஒன்று. காட்டுத்தீ என்றால் எத்தனை ஹெக்டேர், அணை உடைந்தால் அது எந்த ஆற்றின் குறுக்கே, புலி செத்தால் எந்தச் சரணாலயம். மாடி வீட்டு அம்மா ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, தன் சித்தப்பாவை யானை மிதித்துக் கொன்றுவிட்டது என்று சொன்னபோது, நடப்பு அக்கா வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி “எந்த வனக் கோட்டம்?” என்பதுதான். அந்த அம்மா அதற்கப்புறம் வெகுநாள் அவள் முகத்தில் முழிக்கவில்லை. அவளும் மனசுக்குள் செத்துப் போனாள். ஆனால் பழக்கம் போகவில்லை.

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு வழக்கம் உண்டு. அதன் பெயர் கண்ணி.

நகரத்தில் இப்படி மாதப் புத்தகம் போடுகிற மையங்கள் இன்னும் சில இருந்தன. அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து தேடுவதில்லை. இவர்கள் புத்தகம் வந்ததும் வாங்கி, வரியை முன்னும் பின்னுமாக மாற்றி, தங்கள் அட்டையைப் போட்டுவிடுவார்கள். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க சார் கண்டுபிடித்த வழிதான் கண்ணி. ஒவ்வொரு இதழிலும், எந்தத் தேர்விலும் கேட்க வாய்ப்பில்லாத ஒரு மூலையில், சொந்தமாகக் கற்பனை செய்த ஒரு தகவலை நுழைத்துவிட வேண்டும். அடுத்த மாதம் அது இன்னொருவன் புத்தகத்தில் இருந்தால், திருடன் அகப்பட்டான். சார் உடனே போனை எடுத்து அந்த மையத்துக்காரரைக் கூப்பிட்டு, முதலில் குடும்ப நலமெல்லாம் விசாரித்துவிட்டு, பிறகு சாவகாசமாக அந்த வரியைப் படித்துக் காட்டுவார். மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான். கொஞ்ச நாளில் அந்த மையத்துக்காரர்களும் உஷாராகி, இவர்கள் புத்தகத்தில் எது கண்ணி என்று மோப்பம் பிடிக்கப் பழகினார்கள். பிடித்தால் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அதனால் கண்ணியும் நாளுக்கு நாள் நிஜம் மாதிரியே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கலையில் நடப்பு அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மழைக்கு முன்னால் மூன்று தடவை மட்டும் கத்துகிற ஒரு தவளையை ஒரு முறை படைத்தாள். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. பிள்ளைகள் ஆயிரம் உண்மையோடு ஒரு பொய்யையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்களே என்று ஆரம்பத்தில் அவளுக்கு உறுத்தியது. சாரிடம் சொன்னாள். ஆயிரத்தில் ஒன்றுதானே, அதுவும் கேட்கமாட்டார்கள், மறந்துபோவார்கள் என்றார் அவர். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். கண்ணி எது என்பது சாருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது.

அரண் ஏழு பிறந்தது ஒரு மத்தியான நேரத்தில். அண்ணன் போன் செய்து, காட்டுப்பன்றிகள் வந்து அரை வயலைத் துவைத்துப் போட்டுவிட்டன என்று புலம்பி வைத்தான். அவன் வருடா வருடம் கதிர் முற்றுகிற காலத்தில் வயல் நடுவே பரண் கட்டி, அதிலேயே ராத்திரி படுத்து, தகரம் தட்டிக் காவல் காப்பான். பனியில் கிடந்து கிடந்து இருமல் நிரந்தரமாகிவிட்டது. போனை வைத்துவிட்டு அவள் வேளாண்மைப் பக்கத்தைப் பார்த்தாள். அந்த மாதக் கண்ணிக்கு இடம் காலியாக இருந்தது. ‘தண்டிலேயே மெல்லிய கசப்பு ஊறியிருப்பதால் காட்டுப்பன்றிகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்லும் அரண் 7 என்ற மக்காச்சோள ரகம் அறிமுகம்’ என்று எழுதினாள். ஏழாவது பக்கம், அதனால் ஏழு. எழுதி முடித்ததும் அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாள்.

அடுத்த மாதம் அது நாலு புத்தகங்களில் வந்தது. ஒரே கண்ணியில் நாலு பேர் விழுந்தது அதுவரை நடக்காத சாதனை. சார் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு நல்ல கண்ணியை வெளியே சொல்லி வீணாக்க மனமில்லாமல், யாருக்கும் போன் மட்டும் போடவில்லை. அப்புறம் வேறு மாதம், வேறு கண்ணி. அவள் அதை மறந்தே போனாள்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டது வெயில் காலம் முடிந்து, ஒரு மழையும் பெய்து ஓய்ந்த பிறகு. குரலில் ஒரே குஷி. இந்த வருடம் பன்றித் தொல்லை ஒழிந்தது, உனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார் என்றான். பார்த்தாள். ஒரு விதை மூட்டை. மஞ்சள் பையில் பச்சை எழுத்தில் ‘அரண் 7’. கீழே பொடி எழுத்தில், தண்டிலேயே மெல்லிய கசப்பு ஊறியிருப்பதால் காட்டுப்பன்றிகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்லும் என்று போட்டிருந்தது. ஒரு கமா மாறாமல் அவள் வாக்கியம்.

இல்லாத ஊருக்குக் கடிதம் போட்டு, அங்கிருந்து பதில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

“நம்ம விதைக் கடையிலதான். முதல்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னான். நான் விடல. உன் புக்கை எடுத்துட்டுப் போய் ஏழாம் பக்கத்தைக் காமிச்சேன். வாரா வாரம் போய் நின்னேன். பக்கத்து வயல்காரங்களையும் கூட்டிட்டுப் போனேன். இத்தனை பேர் கேக்கறாங்கன்னதும் எங்கேயோ சொல்லி வரவழைச்சுட்டான்.”

“என் புக்கா? நீ எங்கண்ணா அதெல்லாம் படிக்கிற?”

அண்ணன் கூச்சத்தோடு சொன்னான். அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்தே பேருந்து நிலையத்துக் கடையில் சொல்லி வைத்து வாங்குகிறானாம். தேர்வா எழுதப் போகிறான், எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தங்கச்சி எழுதுவதாயிற்றே என்று அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பானாம். அவள் கேலி செய்வாள் என்று சொல்லாமலே இருந்துவிட்டான்.

விதைக் கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை. வந்த ஆளைத் திருப்பி அனுப்பப் பிடிக்காத வியாபாரி, சாதாரணச் சோளத்தைப் புதுப் பையில் கட்டியிருப்பார். பையின் மேல் போட வாசகம் வேண்டுமே, அதை அண்ணனே புத்தகத்தோடு கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். அவள் எதற்கும் இரு, விதைக்காதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் சிரித்தான். விதைத்து வெகுநாளாயிற்று, இப்போது கதிர் பிடித்து நிற்கிறது, நேரில் வந்து பார் என்றான். வேலி போட வைத்திருந்த பணத்தையும் விதையிலேயே போட்டுவிட்டானாம்.

அவள் எழுந்து நேராக சாரின் அறைக்குப் போய் போட்டோவைக் காட்டினாள். சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணருகே கொண்டு போய்ப் படித்தார். முகம் மலர்ந்தது. “பாத்தியாம்மா, மூட்டையில கூட நம்ம வரியைத் திருடறாங்க” என்றார். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, அடுத்த இதழில் மறுப்புப் போட வேண்டும் என்றாள். சாரின் முகம் சுருங்கிவிட்டது. இது பொய் என்று நாமே ஒப்புக்கொண்டால் வேறு எதெல்லாம் பொய் என்று கேட்பார்கள், மையத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான், உன் அண்ணனிடம் மட்டும் போய்ச் சொல், அதுவும் பக்குவமாகச் சொல் என்றார்.

மறுநாளே பேருந்தில் கிளம்பினாள். வழி நெடுக வயல்கள். பயிரைப் பார்த்ததுமே அவள் மனம் வழக்கப்படி, விளைச்சலில் முதலிடம் எந்த மாநிலம் என்று கேட்டுக்கொண்டது. சீ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கதிரில் பால் பிடிக்கிற பருவத்தில்தான் பன்றிகள் இறங்கும் என்பது மட்டும் நெஞ்சில் திரும்பத் திரும்ப அடித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளறையில் ஒரு கட்டிலைக் காட்டினாள். புதிதாக இழைத்த கட்டில், ஆனால் மரம் பழையது. சட்டத்தில் கயிறு தேய்ந்த தடமும் மழை பட்ட கறையும் அப்படியே இருந்தன.

“பரணைப் பிரிச்சு இதைச் செஞ்சுட்டார். கல்யாணமாகி வந்ததிலேருந்து கதிர் நேரத்துல இவர் வீட்ல படுக்கிறது இந்த வருஷம்தான். இருமல் கூடக் குறைஞ்சிருக்கு. எல்லாம் உன் புண்ணியம்” என்றாள் அண்ணி.

நடப்பு அக்கா கட்டில் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். காவலுக்கு ஏறி உட்கார இனி ஒரு பலகைகூட இல்லை. தான் ஒரு மத்தியானம் தேநீருக்கு முன்னால் எழுதிய ஒரு வரி, ஒரு மனிதனைப் பரணிலிருந்து இறக்கி, பரணைப் பிரித்து, கட்டிலாக்கி வைத்திருக்கிறது. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வயலுக்கு நடந்தாள்.

சோளம் ஆள் உயரத்துக்கு மேல் ஓங்கி நின்றது. அண்ணன் வரப்பில் குனிந்து அவளுக்குக் குளம்புத் தடங்களைக் காட்டினான். வரப்போரமாகவே வந்து, ஒரு இடத்தில் நின்று, திரும்பிப் போயிருந்தன. அப்பால் இருந்த ஒரு வயலில் முன்கூட்டியே விதைத்திருந்த சாதாரணச் சோளம் பாதி சாய்ந்து கிடந்தது. அண்ணன் வயலிலோ, அவன் பேச்சைக் கேட்டு அதே விதையை வாங்கிப் போட்டிருந்த பக்கத்து வயல்களிலோ, ஒரு தட்டைகூட முறியவில்லை.

“மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கு, பாரு. நீ எழுதின மாதிரியே.”

இந்த வயலில் இப்போதுதான் பால் ஏறத் தொடங்கியிருக்கிறது, அதனால்தான் இதுவரை விட்டுவைத்திருக்கின்றன என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த ஒரு கணம், எழுதியவளுக்கே, ஒருவேளை நிஜமாகவே கசக்கிறதோ என்று ஒரு சபலம் தட்டியது. ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். தித்திப்பாக இருந்தது.

வரப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணி என்றால் என்ன, எதற்கு வைக்கிறார்கள், அரண் ஏழு எப்படி வந்தது, ஏன் ஏழு, எல்லாம். அண்ணன் ஒரு புல்லைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் சிரித்தான்.

“நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் பாப்பா. பரீட்சையை நல்லா எழுதிட்டு வந்து, தப்பா எழுதிட்டேன்னு அழுவே.”

இது அப்படி இல்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் நிதானமாக, அவள் புத்தகத்தில் மட்டும் வந்திருந்தால் சரி, மற்ற நாலு புத்தகத்திலும் வந்திருக்கிறதே என்றான். அதையும் பேருந்து நிலையத்துக் கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விதை வாங்கினானாம். ஐந்து பேரும் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று அவளையே கேட்டான். அவள் வைத்த கண்ணி அவள் காலிலேயே இறுகியது. அந்த நாலு பேரும் தன்னைப் பார்த்து எழுதியவர்கள் என்று எவ்வளவு சொன்னாலும், அவனுக்கு அது தங்கச்சியின் தன்னடக்கமாகத்தான் பட்டது. கடைசியில் அவள் அழுகையை நிறுத்துவதற்காக, நாளைக்கு வேண்டுமானால் நாலு கம்பை ஊன்றி ஒரு பரண் மாதிரி கட்டிவிடலாம், இப்போது சாப்பிட வா என்று கையைப் பிடித்துத் தூக்கினான். பக்கத்து வயல்காரர்களிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். உங்க அண்ணன் சொன்னது சரிதான், நீங்க ரொம்ப அடக்கம் என்றார் அவர்களில் பெரியவர்.

பொழுது விடிந்து அவர்கள் வயலுக்குப் போனபோது வயல் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நேற்று ஆள் உயரத்துக்கு நின்றதெல்லாம் பாய் விரித்த மாதிரி தரையோடு படுத்திருந்தது. கதிர்கள் தோலோடு மென்று துப்பப்பட்டு, பால் வழிந்து, மண்ணில் சேறாகிக் கிடந்தன. நடுவில் வரப்பையே காணோம். தூரத்தில் பக்கத்து வயல்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அண்ணன் வயலுக்குள் இறங்கி நடந்தான். குனிந்து ஒரு தட்டையை நிமிர்த்திப் பார்த்தான். அது நிற்கவில்லை. இன்னொன்றை நிமிர்த்தினான். பிறகு அப்படியே நின்றுவிட்டான். அவள் அவன் பின்னாலேயே போனாள். அவன் ஏசுவான், அறைவான் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் தேவலை என்று இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தபோது முகத்தில் கோபமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி இருந்தான்.

“அப்போ நீ சொன்னது நிஜம்தானா பாப்பா?”

அவள் தலையாட்டினாள்.

“அந்தத் தவளை? மழைக்கு முன்னாடி மூணு தடவை கத்தற தவளை?”

அதை எழுதி எத்தனை காலமாயிற்று. அதுவும் நான் கட்டியதுதான் அண்ணா என்று அவள் சொன்னாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“இல்ல. அதை நான் கேட்டேன்” என்றான் அண்ணன். “கேட்டுட்டுத்தான் விதைச்சேன். மறுநாள் மழை வந்துது.”

மையத்தில் தோள் உயரத்துக்கு நிற்கிற வினாத்தாள் கட்டுகளில் எங்கேயும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே நின்றாள். பக்கத்து வயல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வாயைத் திறந்து அவளை ஏச அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் அண்ணன் முந்திக்கொண்டான். அசல் அரண் ஏழுக்குப் பதிலாகக் கடைக்காரன் போலியைக் கட்டிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னான். அவ்வளவும் தெரிந்த பிறகு, அவள் முன்னாலேயே, கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான். வாழ்க்கையில் அவன் சொல்லி அவள் கேட்ட முதல் பொய் அது. இல்லை, நான்தான் என்று அவள் குறுக்கே பேசினாள். முதல் நாள் போலவே அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் கடைக்காரரைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

நகரத்துக்குத் திரும்பியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். புதிய இதழை சார் பார்த்து ஒப்புதல் கொடுத்து, அச்சகத்துக்கு அனுப்பு என்று சொன்ன பிறகு, ஏழாவது பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். ‘அரண் 7 என்று எந்த மக்காச்சோள ரகமும் கிடையாது, காட்டுப்பன்றிகள் தொடாத சோளம் என்று எதுவும் இல்லை, விவசாயிகள் ஏமாற வேண்டாம்.’ அவ்வளவுதான். வேலை போனாலும் போகட்டும் என்று அனுப்பிவிட்டாள். நாலு மையத்துக்காரர்களும் வழக்கம்போலத் திருடுவார்கள், நாலு புத்தகத்திலும் இந்த வரி வரும், அண்ணன் பக்கத்து ஆட்களுக்கும் விளங்கிவிடும் என்பது அவள் கணக்கு. வாழ்க்கையில் முதல் முறையாக, தன்னைப் பார்த்து எழுதுவார்கள் என்று அவள் ஆசையோடு காத்திருந்தாள்.

புத்தகம் வந்த அன்று சார் சிவந்த முகத்தோடு அவள் மேசைக்கு வந்தார். என்ன காரியம் செய்தாய், என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று கத்தினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். வேலையை விட்டு நிறுத்த அவருக்கு மனசு வரவில்லையோ, வேறு ஆள் அகப்படவில்லையோ, அந்த மாதம் அப்படியே கழிந்தது. அடுத்த மாதம் மற்றவர்களின் புத்தகங்கள் வந்தன. சார் நாலையும் தூக்கிக்கொண்டு, இந்த முறை சிரிப்போடு வந்தார்.

“பலே ஆளும்மா நீ. அவனுங்க இப்ப ரொம்ப உஷார். அந்த வரிதான் கண்ணின்னு நினைச்சு நாலு பேருமே அதை மட்டும் விட்டுட்டானுங்க.”

அவள் நாலு புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினாள். மற்றதெல்லாம் இருந்தது. அவள் தேடிப் பிடித்த பல்லி இருந்தது, அதன் வால் நிறம் இருந்தது. அரண் ஏழும், அவர்கள் மாதாமாதம் திருப்பிப் போடுகிற ‘சமீபத்திய ரகங்கள்’ பட்டியலில் பழையபடி இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் எழுதியவற்றில் யாரும் திருடாத ஒரே வரி அந்த உண்மைதான். அன்று முழுவதும் அவளால் வேலை செய்ய முடியவில்லை. மேசைமேல் இருந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த விதைப்புக் காலத்தில் அண்ணன் கூப்பிட்டான். விதைக் கடையில் சண்டை என்றான். அவன் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், தடித்த எழுத்தில் இருந்த அந்த வரியைக் காட்டினானாம். கடைக்காரர் சும்மா இருப்பாரா, பேருந்து நிலையத்திலிருந்து மற்ற நாலு புத்தகத்தையும் வரவழைத்து வரிசையாகப் பரப்பி வைத்தாராம். நாலில் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை என்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றாராம். போன வருடம் வந்தது மட்டும்தான் மட்டமான மூட்டை, இப்போது வந்திருப்பது அசல் என்றும் சத்தியம் செய்தாராம். பக்கத்து வயல்காரர்கள் அத்தனை பேரும் மறுபடி அதையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“நீ?” என்று கேட்டாள்.

“நான் வாங்கலை. யார் என்ன சொன்னாலும் என் தங்கச்சி புக்கைத்தான் நம்புவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. கட்டிலைப் பிரிச்சு மறுபடி பரண் கட்டிட்டு இருக்கேன்.”

பேச்சோடு பேச்சாக இருமினான். பழைய இருமல். அடங்கும் வரை அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். புக்கை இன்னும் வாங்கிட்டுதான் இருக்கேன். மாசா மாசம் எது கண்ணின்னு எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடறியா? மத்ததை நான் நம்பிக்கிறேன்.”

அவளுக்கு எதிரே திரையில் வேளாண்மைப் பக்கம் விரிந்து கிடந்தது. மூலையில் கண்ணிக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. அந்த மாதக் கண்ணியைக் கேட்டு வாங்கிப் போகத்தான் சார் வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“இந்த மாசம் எதுவும் இல்லண்ணா” என்றாள், சாருக்குக் கேட்கிற மாதிரியே. “இனிமேலும் இருக்காது.”